வலிக்காது என்று சொல்லலாமா?

நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கிவரும் சொற்றொடர் ஒன்று உண்டு. "ஒன்றும் செய்யமாட்டார்கள், சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்பதே அது. பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் தாயும் இதைச் சொல்கிறாள், தந்தையும் சொல்கிறார், வாசல்வரை வந்து வழியனுப்பும் பாட்டியும் சொல்கிறார். சொல்பவர் எவரும் இதனைப் பொய்யென்று கருதுவதில்லை. அன்பினால் சொல்லப்படுவது எப்படிப் பொய்யாகும் என்று கேட்பர். ஆகுமா, ஆகாதா? இந்த ஒரு வினாவைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறேன். கிதாபுகளில் ஓதியதை மட்டும் வைத்து இதை எழுதவில்லை. என் வீட்டில் நடந்ததை வைத்து எழுதுகிறேன். நடந்த தவற்றில் எனக்கும் பங்குண்டு.

என் மகளின் மகனுக்கு அப்போது வயது ஐந்து. மூன்று வயதுவரை பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கிப் பழகியவன். அதற்குப் பின்னும் இனிப்பென்றால் அவனுக்கு உயிர். கடைவாய்ப் பற்கள் நான்கில் சொத்தை விழுந்து, ஒன்றில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கிவிட்டது. "விழப்போகும் பாற்பல்தானே" என்று நாங்கள் நாட்களைக் கடத்தியதன் விளைவு அது. முன்பற்கள்தாம் ஆறேழு வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பாற்பற்களோ பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்து பணி செய்ய வேண்டியவை. அவற்றின் வேரில் தங்கும் சீழ், அடியில் வளர்ந்துவரும் நிலையான பல்லுக்கும் கேடு விளைவிக்கக்கூடும். இதனைப் பின்னரே அறிந்தோம்.

மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு, ஒரு பல் மருத்துவரிடம் அவனை அழைத்துச் சென்றோம். புறப்படும்போது, "டவுனுக்குப் போய் அல்வா வாங்கிவரலாம்" என்று சொன்னவன் நானே. அல்வா என்பது அரபுச் சொல்லாகிய ஹல்வாவிலிருந்து வந்தது. இனிமை என்ற பொருளைத் தன் வேரிலேயே தாங்கிய சொல். அந்தச் சொல் நம்மூரில் வந்து தங்கி, நம்மூருக்கே பெயர் பெற்றுத் தந்தது. ஆனால் ஒருவன் பிறனுக்கு அல்வா கொடுத்தான் என்றால் ஏமாற்றிவிட்டான் என்று கொள்ளும் வழக்கும் தமிழில் உண்டாகிவிட்டது. அன்று நான் கொடுத்தது அந்த அல்வாவே.

நாற்காலியையும் விளக்கையும் கண்டதுமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டான். மருத்துவர் பொறுமையுடன் எவ்வளவோ பேசிப் பார்த்தார். அவன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நான் எளிதில் மறக்க இயலாது. "இவ்வளவு பயத்துடன் இருக்கும் பிள்ளையைப் பிடித்து அமுக்கிச் செய்வது சரியன்று. வேலையும் நிறைய இருக்கிறது. மயக்கமருந்து கொடுத்துச் செய்வதே நல்லது" என்று கூறி, வேறொரு நாள் குறித்துக் கொடுத்தார்.

மயக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல படிகள் உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவைப் பிராணவாயுவுடன் கலந்து மூக்கின்மேல் வைக்கும் மூடி வழியாகக் கொடுப்பது ஒன்று. பிள்ளை விழித்தே இருக்கும், அச்சம் மட்டும் தணியும். மிடசோலம் போன்ற மருந்தைக் குடிக்கக் கொடுத்து அரைத்தூக்க நிலைக்குக் கொண்டுவருவது மற்றொன்று. முழு மயக்கம் கொடுத்து மருத்துவமனையின் அறுவை அறையில் செய்வது இன்னொன்று. ஆழம் கூடக் கூட மூச்சையும் நாடியையும் இமைகொட்டாமல் கவனிக்கும் பயிற்சி பெற்றவரும், அதற்குரிய கருவிகளும் அருகிலிருப்பது இன்றியமையாதது. சிகிச்சையின் தேவைக்காக இத்தகைய மருந்துகளைக் கொடுப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். அதில் ஐயம் வேண்டியதில்லை.

ஐயம் வேறொன்றில் எழுந்தது. அன்றிரவு வீட்டில் கூடிப் பேசினோம். என் மருமகன் ஒரு கேள்வி கேட்டார்: "மாமா, மருந்து உள்ளே போனபின் அவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. நடந்ததை மறக்கச் செய்யும் குணமும் அந்த மருந்துக்கு இருக்கிறதாம். மறக்கப்போகிற பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிப் பயமுறுத்துவானேன்? இந்த முறையும் ஏதாவது சொல்லி அழைத்துப்போய்விட்டால் என்ன?" இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. பிள்ளையின்மேல் கொண்ட இரக்கத்திலிருந்து பிறந்தது அது.

அபூதாவூத் அவர்களின் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது அவர்களின் தாயார், "இங்கே வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். அங்கிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணியிருக்கிறீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் கொடுக்கப் போவதாகத் தாயார் கூறினார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். பொய்க்கு இடமளிக்கும் சூழல்களாக ஹதீஸில் வந்துள்ளவை மூன்று: பிணங்கியோரைச் சேர்த்துவைத்தல், போர், கணவன் மனைவியரின் பேச்சு. பிள்ளை என்னும் நான்காவது வாசல் அந்த வரிசையில் காணப்படவில்லை.

எனினும் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) 'இஹ்யா'வில் நாவின் கேடுகளைப் பற்றி ஆராயுமிடத்தில், ஆசை காட்டியோ பொய்யாக அச்சுறுத்தியோ அன்றி மக்தபுக்குச் செல்ல இணங்காத சிறுவனிடம் அவ்வாறு செய்வது ஆகும் என்று இடமளிக்கின்றார்கள். மருமகனின் பக்கம் இமாமே நிற்பதுபோல் முதலில் தோன்றும். ஆனால் இமாம் அத்துடன் நிறுத்தவில்லை. அனுமதிக்கப்பட்ட பொய்யும் ஏட்டில் எழுதப்படக்கூடும். எந்நோக்கத்தில் சொன்னாய் என்று கேட்கப்படும். நோக்கம் நேராயிருந்தால் மன்னிக்கப்படும் என்று தொடர்கின்றார்கள். தன் வசதிக்காகச் சொன்னதைப் பிறர் நன்மைக்காகச் சொன்னதாக மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் இடம் இது என்றும் எச்சரிக்கின்றார்கள்.

அந்த எச்சரிக்கையை என்மீதே வைத்துப் பார்த்தேன். அல்வா வாங்கலாம் என்று சொன்னேனே, அது யாருக்காக? வேறு வழியே இல்லாமற்போய்ச் சொன்னேனா? ஒருமுறையேனும் உண்மையைச் சொல்லிப் பார்த்தேனா? இல்லை. அவன் அழுவதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை; அவ்வளவுதான். பிள்ளையின் அச்சத்துக்கு மருந்தென்று எண்ணி நான் சொன்ன சொல், உண்மையில் என் தொல்லைக்கு நான் தேடிக்கொண்ட மருந்து.

மறதியைப் பற்றிய வாதம் எஞ்சி நின்றது. அதற்கு விடை என் இளமையிலேயே இருந்தது. எனக்குச் சுன்னத்துச் செய்த நாளில், புதுக்கைலி உடுத்தி, மாலையிட்டு அமர்த்தியிருந்தார்கள். "ஒஸ்தா சும்மா பார்க்கத்தான் வந்திருக்கிறார். மேலே பார், கூரையில் மைனா உட்கார்ந்திருக்கிறது" என்றார்கள் என் வாப்பா. நான் மேலே பார்த்தேன். மைனா இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்றைய வலி எப்படி இருந்தது என்று இன்று எனக்கு நினைவில்லை. மைனா இல்லாதது நினைவிருக்கிறது. வாப்பா (அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக) என்மீது உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வலி மறந்துவிடும்; அதற்கு முன் சொல்லப்பட்ட சொல் மறப்பதில்லை என்பதற்காகவே எழுதுகிறேன். மயக்கமருந்தும் அப்படியே. அது உடலில் சேர்ந்தபின் நிகழ்வதை மறைக்கலாம். அதற்கு முன் நாம் பேசிய பேச்சை அது அழிக்காது.

இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாளில் கேட்கிறோம். அதில் ஒரு நிகழ்ச்சியை நின்று கவனிப்பதில்லை. மகனை அறுப்பதாகக் கனவு கண்ட தந்தை, உறங்கும் மகனைத் தூக்கிச் சென்றிருக்கலாம். விளையாடப் போகலாம் என்று அழைத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கண்ட கனவைச் சொல்லி, உன் கருத்தென்ன என்று மகனிடம் வினவியதாகவே அஸ்ஸாஃப்பாத் அத்தியாயம் கூறுகின்றது. இறைவனின் கட்டளையை மாற்றும் உரிமை மகனுக்கு இல்லை. இருந்தும் தந்தை சொன்னார், கேட்டார். ஏன்? சொல்லாதிருந்தால் அப்பிள்ளை வெறும் பலிப்பொருளாக மட்டுமே இருந்திருக்கும். சொன்னதனால் பொறுமையாளர்களுள் ஒருவராக நிற்கும் வாய்ப்பு அதற்குக் கிடைத்தது. அந்த மாபெரும் சோதனையையும் ஒரு பல் வைத்தியத்தையும் நான் ஒப்பிடவில்லை. அளவில் மலைக்கும் மணலுக்கும் உள்ள தூரம். ஆனால் முறை ஒன்றே. அறியாமல் தன்மீது சுமத்தப்பட்டதில் ஒருவர் பொறுமை காட்ட இயலுமா? பொய் சொல்லி அழைத்துச் செல்லும்போது, பிள்ளையிடமிருந்து அதன் தைரியத்தை நாமே பறித்துவிடுகிறோம்.

அப்படியானால் கத்தி, ஊசி, இரத்தம் எல்லாவற்றையும் ஐந்து வயதுப் பிள்ளையின்முன் கொட்டிவிடுவதா? அதுவும் தவறே. மறைத்தல் வேறு, ஏமாற்றுதல் வேறு. குர்துபாவில் வாழ்ந்து ஏறத்தாழ 1013இல் மறைந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், 'அத்தஸ்ரீஃப்' என்னும் முப்பது பாகங்கள் கொண்ட தம் நூலின் இறுதிப் பாகத்தில் பல்லைச் சுரண்டும் கருவிகளையும் பிடுங்கும் குறடுகளையும் படமாக வரைந்து காட்டியுள்ளார்கள். நோயாளி கண்டு அஞ்சாதவாறு விரல்களுக்கிடையில் ஒளித்துக்கொள்ளத்தக்க சிறு கத்திகளும் அவற்றுள் உண்டு. கத்தியைக் கண்ணிலிருந்து மறைப்பது இரக்கம். கத்தியே இல்லை என்று சொல்வது வேறு.

அரபு மொழி இந்த வேறுபாட்டை ஓர் எழுத்தில் வைத்திருக்கின்றது. மரத்துப்போதலுக்கு 'கதர்' என்றும், மயக்கமருந்து கொடுத்தலுக்குத் 'தக்தீர்' என்றும் பெயர். காஃ, தால், ரா என்னும் அதே மூலத்திலிருந்துதான் திரைச்சீலையைக் குறிக்கும் 'கித்ர்' என்ற சொல்லும் வந்தது. ஈற்றிலுள்ள 'ரா'வை எடுத்துவிட்டு 'ஐன்' வைத்தால் 'கிதாஉ' வருகின்றது. அதன் பொருள் வஞ்சித்தல். வலியின்மேல் திரையிடலாம், வஞ்சிக்கலாகாது. மயக்கமருந்தின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்சைடைத் தாமே முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கக் கொடுத்துச் சோதித்தார். 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதரைக் கொடுத்துக் காட்டிய வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவரோ, அதன் இயல்பை மாற்றி வேறு பெயரிட்டு இரகசியமாக வைத்திருந்தார். அது இன்னதென்று சொன்னாலன்றி இனிப் பயன்படுத்தமாட்டோம் என்று அங்கிருந்த அறுவை மருத்துவர்கள் வற்புறுத்தினர்; சொல்ல நேர்ந்தது. வலியை மறைக்கும் மருந்துக்கும் தன்னை மறைத்துக்கொள்ள உரிமை கிடைக்கவில்லை.

குறித்த நாளுக்கு நான்கு நாட்கள் முன்பு, அஸருக்குப் பின் திண்ணையில் அவனை அருகில் அமர்த்திக்கொண்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கு அல்வா வாங்கலாம் என்று சொன்னது பொய். அப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்: "கெட்டுப்போன பல்லைச் சரிசெய்யப் போகிறோம். டாக்டர் ஒரு மருந்து தருவார், தூக்கம் வரும். தூங்கும்போது வேலை முடிந்துவிடும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "பூட்டி தூங்குற மாதிரியா, அப்பா?" என்றான்.

என் தாயார் மவுத்தாகி அப்போது ஆறு மாதமே ஆகியிருந்தது. ஜனாஸாவின் அருகே நின்று, பூட்டிக்கு என்ன என்று கேட்டவனிடம், "தூங்குகிறார்கள்" என்று வீட்டார் சொல்லியிருந்தனர். தூங்கிய பூட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்; அவர்கள் திரும்பி வரவில்லை. இப்போது அவனையும் தூங்கவைக்கப் போகிறோம் என்கிறோம்! மரணத்தை மறைக்கச் சொன்ன பொய், மருந்தைப் பற்றிய மெய்யின் குறுக்கே வந்து நின்றது. "பூட்டி மவுத்தாகிவிட்டார்கள். அது தூக்கமில்லை. நீ இரவில் தூங்கிக் காலையில் எழுகிறாயே, இது அதைப்போல" என்று விளக்கவே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

மறுநாள், "வலிக்குமா?" என்று கேட்டான். "கையில் ஊசி போட்டால் எறும்பு கடித்ததுபோல் இருக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும். எழுந்தபின் உதடு தடித்தாற்போல் இருக்கும்" என்றேன். "அப்பா இருப்பீங்களா?" என்றான். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்றேன். கேட்டு, கண் மூடும்வரையும் கண் விழிக்கும்போதும் அருகில் இருக்கலாம் என்று அவர் இசைந்த பின்னரே அவ்வாக்கைக் கொடுத்தேன். நம் கையில் இல்லாததைப் பிள்ளைக்கு வாக்களிக்கலாகாது. குழந்தைப் பல் மருத்துவர்களும் 'சொல், காட்டு, செய்' என்னும் முறையைக் கையாள்கின்றனர்: சொல்லாததைக் காட்டுவதில்லை, காட்டாததைச் செய்வதில்லை.

வெறும் வயிற்றுடன் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பொதுவாகத் தெளிந்த நீர் என்றால் 2 மணி நேரம், தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம், மாட்டுப்பாலும் எளிய உணவும் என்றால் 6 மணி நேரம், எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்த உணவு என்றால் 8 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பர். அவரவர் மருத்துவர் சொல்லும் கணக்கே முடிவானது. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் காரணத்தைப் பெரியவர்கள் எல்லோருக்கும் விளக்கினோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் இருந்தோம். மயக்கமருந்து மருத்துவர் வரிசையாகக் கேட்டார்: சளி, காய்ச்சல் உண்டா? இரவில் குறட்டை விடுவானா? இளைப்பு உண்டா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? கடைசியாக, காலையில் ஏதேனும் சாப்பிட்டானா? "ஒன்றுமில்லை" என்றாள் என் மகள். நானும் ஆமோதித்தேன். அறிந்து சொன்ன பொய்யன்று அது.

"உம்மும்மா பால் தந்தாங்க. யார்ட்டயும் சொல்லாதேன்னாங்க" என்றான் பிள்ளை.

சுப்ஹு தொழுதெழுந்த என் மனைவி, பசியோடு விழித்திருந்த பேரனைக் கண்டு மனம் பொறாமல் ஆறு மணிக்கு ஒரு தம்ளர் பால் கொடுத்திருக்கிறாள். மருத்துவர் கோபிக்கவில்லை. அவன் தோளைத் தட்டி, "நீ சொன்னது ரொம்ப நல்லது" என்றார். அன்றைய சிகிச்சையை நிறுத்தி, அடுத்த வாரம் வரச்சொன்னார். திரும்பும் வழியில் ஆட்டோவில் எனக்குப் பேச்சே எழவில்லை. நான்கு நாட்களாக நான் அவனிடம் மெய் பேசியிராவிட்டால், அவனும் அதைச் சொல்லியிருப்பானா? எல்லோரும் எதையாவது மறைத்துப் பேசும் வீட்டில், தானும் மறைப்பதே நல்ல பிள்ளைக்கு அழகு என்று எண்ணியிருக்கமாட்டானா? அதன்பின் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணவே நெஞ்சு நடுங்கிற்று.

வீட்டு வாசலில் இறங்கியதும் ஓடிச்சென்று, "உம்மும்மா, நான் சொல்லிட்டேன்" என்றான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றவள், அவனை அணைத்துக்கொண்டு, "நீ செய்ததுதான் சரி, வாப்பா. தப்பு என் மேலே" என்றாள். பேரனிடம் தன் தவற்றை ஒப்புக்கொண்ட அந்தச் சொல்லுக்கு, நான் மதரஸாவில் நடத்திய பல பாடங்கள் ஈடாகா.

அடுத்த வாரம் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். அழாமலிருந்தான் என்று சொல்லமாட்டேன், ஊசியின்போது அழுதான். ஆனால் வாயைத் திறந்தான். வீடு திரும்பும்போது ஓட்டுநரைத் தவிரப் பெரியவர் இருவர் உடனிருந்தோம். அரைத்தூக்கத்தில் பிள்ளையின் தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சுவழி அடைபடக்கூடும் என்பதால், ஒருவர் அவன் தலையை நிமிர்த்தியே பிடித்திருக்க வேண்டியிருந்தது. மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமலும், தள்ளாடி விழாமலும் அன்று முழுவதும் பார்த்துக்கொண்டோம். நாற்காலியில் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. மருமகன் சொன்னது அந்த அளவில் மெய்யே.

சில மாதங்களுக்குப் பின் அவன் தங்கைக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தது. அழுத குழந்தையிடம் என் மகள் பழக்க தோஷத்தால், "வலிக்காதும்மா, ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்றாள். அவன் குறுக்கிட்டு, "இல்ல, கொஞ்சம் வலிக்கும். நான் கூட வர்றேன்" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியதெல்லாம் அவ்வளவே: கொஞ்சம் வலிக்கும், நான் உடனிருப்பேன். முதற்பகுதி மெய்யாயிருந்தால்தான் இரண்டாம் பகுதியைப் பிள்ளை நம்பும். நம் நாவையும் நம் பிள்ளைகளின் நம்பிக்கையையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.